நியூட்டன் தொட்டில்: உருண்டையைவிட நூலைப் பாருங்கள்

மேசைமேல் வைக்கும் ஐந்து உருண்டைத் தொட்டில் இது. சட்டத்திலிருந்து இரண்டிரண்டு நூலில் உருண்டைகள் வரிசையாகத் தொங்கும்; ஓரத்து உருண்டையைத் தூக்கி விட்டால் மறு ஓரத்து உருண்டை எழும். 20 மி.மீ. எஃகு உருண்டைகள், ஒன்றின் எடை சுமார் 33 கிராம். உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) அழியாது என்பதைக் கண்ணெதிரே காட்ட இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஒழுங்காக ஆடிவிடாது.

கோளாறு நூலில்தான். ஒரு உருண்டை 1 மி.மீ. தாழ்ந்து தொங்கினாலும் மோதல் நேர்கோட்டில் விழாது. நடு உருண்டைகள் நடுங்க ஆரம்பித்து, சீக்கிரமே ஐந்தும் கும்பலாக ஆடும். அளவுகோலை அடியில் கிடையாகப் பிடியுங்கள்; இறங்கியிருக்கும் உருண்டையின் இரண்டு நூலையும் ஒரே அளவு மேலே இழுத்து, நூல் நுழையும் துளையில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பிறகு மேலிருந்து பார்த்து வரிசையைச் சரிபாருங்கள். உருண்டைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நெருக்கக் கூடாது. அடுத்த குறை, எடையில்லாத பிளாஸ்டிக் அடித்தட்டு. சட்டம் அசைந்தால் ஆற்றலை அதுவே தின்றுவிடும். இருபக்க டேப் போட்டுக் கனமான பலகையில் ஒட்டிவிடுங்கள்.

சரிசெய்தபின் இரண்டு உருண்டையைத் தூக்கி விடுங்கள். மறுபுறம் இரண்டுதான் எழும். ஒன்று மட்டும் இரட்டை வேகத்தில் பறந்தாலும் உந்தக் கணக்கு சரியாகத்தானே வரும்? வரும். ஆனால் இயக்க ஆற்றல் (நகரும் பொருளிடம் இருக்கும் ஆற்றல்; வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்) இரு மடங்காகிவிடும். அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்தும் வராது. உந்தம், ஆற்றல் இரண்டு கணக்கும் ஒருசேர நேராக வேண்டும் என்பதை இவ்வளவு பளிச்சென்று வேறெதுவும் காட்டுவதில்லை.

இன்னொரு சோதனைக்கும் இது அருமையாக உதவுகிறது. மூன்று உருண்டைகளைச் சட்டத்தின்மேல் ஒதுக்கிவிட்டு, தொங்கும் இரண்டுக்கும் நடுவே மிளகளவு களிமண் ஒட்டுங்கள். ஒன்றை 4 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால், இரண்டும் ஒட்டிக்கொண்டு 1 செ.மீ. அளவுக்கே ஏறும். வேகம் பாதி, உயரம் கால். உந்தம் அப்படியே இருக்கிறது. பாதி ஆற்றல் களிமண்ணை நசுக்குவதில் போய்விட்டது. ரயில் பெட்டிகள் மோதிக் கொக்கி மாட்டிக்கொள்ளும்போது நடப்பதும் இதுதான்.

'நிற்காமல் ஆடும்' என்று அட்டையில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். 'டக்' என்ற அந்தச் சத்தமே ஆற்றல் வெளியேறுவதுதான்.

இடம் மாற்றும்போது உருண்டைகளுக்கு அடியில் கெட்டியான அட்டையை முட்டுக்கொடுத்து, ரப்பர் பேண்டால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். பத்து நூலும் சிக்கிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.