₹18,400 போச்சு. மினியேச்சர் பொம்மை ஆர்டர் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. சோப்பு, தேங்காய் எண்ணெய், மறுபடி சோப்பு, எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு, அந்த ரெசின் வாடை, அதான் பொம்மை பிரிண்ட் எடுக்கற திரவத்தோட வாடை, போக மாட்டேங்குது. எதிர்ல மேசை மேல ஆறு பொம்மை சாஞ்சு கிடக்கு, நடுவுல வயிறு பிளந்த ஒரு டிராகன். இதுக்கு நாங்க கொடுத்தது ₹18,400. ஆறு பேர் சேர்ந்து போட்ட காசு. அதுல ஒரு தம்பி காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். டியூஷன் எடுத்துச் சேர்த்த மூவாயிரத்தை என் கையில கொண்டு வந்து கொடுத்தான். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

பேர் போடல. படம் போடற ஆப்ல 3டி பிரிண்ட் பண்ணி விக்கிற ஒரு பக்கம், சென்னைதான், அவ்வளவு போதும். வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

நாங்க ஆடறது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமா கதை சொல்லி ஆடற ஆட்டம். வேளச்சேரியில எங்க வீட்டு மாடி ரூம்ல, ஞாயித்துக்கிழமை தவறாம, ரெண்டு வருஷமா. நான் டிஎம், அதாவது கதையை நடத்தற ஆள். மத்த அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஆரம்பத்துல கட்டமும் இல்ல, பொம்மையும் இல்ல. வாயால சொல்லியே சண்டையை ஓட்டுவோம். அப்படி ஆடறதுல தப்பே இல்ல, 2014ல வந்த விதிகள்லகூட கட்டம் கட்டாயம் கிடையாது. ஆனா ஃபயர்பால்னு ஒரு நெருப்பு மந்திரம் விழுந்தா போதும். இருபது அடி ஆரம், உள்ள யாரு, வெளியில யாரு? "நான் தூணுக்குப் பின்னாடிதானே நின்னேன்"னு ஒருத்தன் ஆரம்பிச்சா அரை மணி நேரம் அதுலயே போயிடும். அப்புறம்தான் கேரம் காயை வச்சு ஆட ஆரம்பிச்சோம். அம்மாவோட கொலு பெட்டியில இருந்த செட்டியார் பொம்மைதான் எங்களுக்கு ரொம்ப நாள் அரக்கன்.

கட்டக் கணக்கு தெரிஞ்சாத்தான் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன்னு புரியும். ஒரு அங்குலக் கட்டம்னா கதையில அஞ்சு அடி. முப்பது அடி போற ஆள் ஆறு கட்டம் நகரலாம். மனுஷ உருவத்துக்கு ஒரு கட்டம், குதிரைக்கு ரெண்டுக்கு ரெண்டு, வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு மூணுக்கு மூணு. அது ஊதற நெருப்பு அறுபது அடிக்குப் போகும், அதாவது பன்னெண்டு கட்டம். எந்தக் கட்டத்துல நிக்கிறோம்கிறதுலதான் உயிர் இருக்கு. "பொம்மைக்கு எதுக்குடி இவ்வளவு காசு"ன்னு கேட்ட என் சித்தி பொண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன். இந்த ஆட்டமே பொம்மை வச்சு ஆடற போர் ஆட்டத்துல இருந்து வந்தது. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்த முதல் பதிப்போட அட்டையிலயே காகிதம், பென்சில், மினியேச்சர் உருவங்கள்னு போட்டிருக்கும்.

இப்ப ஏன் வாங்கினோம்னா, எங்க குரூப்ல பாலடின்ங்கிற வீராங்கனையா ஆடற தோழி வர்ற புதன்கிழமை கனடா போறா. ரெண்டு வருஷக் கதையோட கடைசிச் சண்டை, அந்தச் சிவப்பு டிராகனோட, நேத்து ஞாயித்துக்கிழமை. அதை மட்டுமாவது ஒழுங்கான மேட் விரிச்சு, ஒழுங்கான பொம்மை வச்சு ஆடணும்னு ஆசைப்பட்டோம்.

ரெண்டு மாசம் முன்னாடி அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் பண்ணேன். அஞ்சே நிமிஷத்துல பதில். "அக்கா, நானும் டிஎம்தான். போரூர்ல எங்க குரூப் ஆடுது." அதுலயே பாதி விழுந்துட்டேன். இந்த ஊர்ல இதை ஆடற ஒருத்தரைப் பார்த்தாலே சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு. விலை பேசறதுக்கு முன்னாடி அவன் கதையைக் கேட்டான். ஒவ்வொரு பாத்திரத்தையும் கேட்டான். திருடன் ரோக் இடது கைக்காரனா, இயற்கை மந்திரம் போடற ட்ரூயிட் கையில என்ன கோல், எல்லாம். பாலடினோட கேடயத்துல என்ன சின்னம்னு கேட்டான். குத்துவிளக்குன்னு சொன்னேன். அது அவளே யோசிச்ச சின்னம், அவங்க பாட்டி வீட்டு விளக்கு. "சூப்பர்க்கா, நானே செதுக்கித் தரேன்"னான். மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ. திரையில பாலடின் மெதுவா சுத்தறா, கேடயம் திரும்புது, அதுல அஞ்சு முகத்தோட ஒரு குத்துவிளக்கு. அவளுக்கு அனுப்பினேன். அழுதுகிட்டே போன் பண்ணா.

அந்த ராத்திரியே பாதிப் பணம் ₹9,200 அனுப்பிட்டேன். பில் கேட்கல. முகவரி கேட்கல. குத்துவிளக்கு செதுக்கற ஆள் ஏமாத்துவானான்னு நினைச்சேன்.

கணக்கு இதுதான். அஞ்சு பாத்திரம், கூடவே வர்ற கிழட்டு வழிகாட்டி ஒண்ணு, ஆக ஆறு பொம்மை, ஒண்ணு ₹600. கோபோல்ட்ங்கிற குட்டி அரக்கக் கும்பல் இருபத்திநாலு, ஒண்ணு ₹250. டிராகன் ₹5,500. கட்டம் போட்ட மேட் ரெண்டு, ₹2,800. கொரியர், பேக்கிங் ₹500. மொத்தம் ₹18,400. மூணு வாரத்துல தரேன்னான். அஞ்சாவது வாரம் "பிரிண்ட் முடிஞ்சிடுச்சுக்கா, மீதியைப் போட்டுட்டா இன்னிக்கே கொரியர்"னான். போட்டேன். அப்புறம் கரண்ட் இல்ல, மெஷின்ல ஒரு பார்ட் போச்சு, கொரியர்காரன் வரல. நேர்ல வந்து எடுத்துக்கறேன்னா "ஒர்க்‌ஷாப் மாத்திட்டு இருக்கோம்". அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பார்சல் வந்துச்சு. பிரிச்ச உடனே வாடை. பொம்மையை எடுத்தா விரல்ல ஒட்டுது. ரெசின்ல பிரிண்ட் எடுத்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நல்லா கழுவணும், அப்புறம் யூவி வெளிச்சத்துல வச்சு கெட்டியாக்கணும். ரெண்டையும் ஒழுங்கா செய்யல. கெட்டியாகாத ரெசின் தோல்ல பட்டா ஆகாது. டியூஷன் தம்பி ஆசையா எடுத்து எடுத்துப் பார்த்தான், ராத்திரியே விரலெல்லாம் அரிப்பு. ரெண்டு வாள் பெட்டிக்குள்ளயே உடைஞ்சு கிடந்துச்சு. கேடயம் மொட்டை. குத்துவிளக்கு இல்ல, ஒரு கோடுகூட இல்ல.

டிராகனோட அடித்தட்டு 75 மில்லிமீட்டர் இருக்கணும். எழுதியே கொடுத்திருந்தேன். வந்தது 50. குதிரை அளவு டிராகன்.

மேட்டை விரிச்சேன். ஓரமெல்லாம் வெள்ளை விளிம்பு. கட்டம் கொஞ்சம் சின்னதாத் தெரிஞ்சுது, ஸ்கேல் வச்சேன். பத்து கட்டம் 254 மில்லிமீட்டர் வரணும், 231தான் இருந்துச்சு. யாரோ ஃபிட் டு பேஜ்னு குடுத்து, தாளுக்குள்ள அடங்கற மாதிரி சுருக்கி அச்சடிச்சிருக்காங்க. கேட்க சின்ன விஷயமா இருக்கும். பொம்மையோட அடித்தட்டு 25 மில்லிமீட்டர், கட்டம் 23. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு நிறுத்தினா நிக்காது, ஒண்ணை ஒண்ணு தள்ளும். எட்டு கோபோல்டை வரிசையா வச்சா எட்டாவது பாதி அடுத்த கட்டத்துல நிக்குது. யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியறதுக்குத்தான் கட்டமே.

உடனே போட்டோ, ஸ்கேல் வச்ச வீடியோ எல்லாம் அனுப்பினேன். காலையில பதில்: "அன்பாக்சிங் வீடியோ இருக்கா மேடம்?"

ரெண்டு மாசம் அக்கா. பணம் முழுசா போனதும் மேடம்.

டிராகனைக் கேட்டா "லார்ஜ்தானே கேட்டீங்க". லார்ஜ்னா குதிரை அளவு. நான் எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டா அதுக்குப் பதிலே இல்ல. மேட்டைக் கேட்டா "அது பிரிண்டிங் கடைக்காரன் தப்பு, நாங்க என்ன பண்றது". கடை நம்பர் கொடுன்னா கொடுக்கல. கேடயத்தைக் கேட்டா "அவ்ளோ சின்ன டீட்டெயில் பிரிண்ட்ல விழாது மேடம்". அப்ப எதுக்குடா வீடியோ அனுப்பின? பிசுபிசுப்புக்கு ஒரு வைத்தியம் சொன்னான் பாருங்க: "சென்னை வெயில்தானே, மொட்டை மாடியில அரை மணி நேரம் வைங்க, செட் ஆயிடும்." வேற வழியில்லாம வச்சேன். மேல்தோல் கொஞ்சம் காய்ஞ்சுது, மிச்சமிருந்த வாளெல்லாம் வளைஞ்சு போச்சு. கடைசியா "கஸ்டம் ஐட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, அடுத்த ஆர்டர்ல பத்து பர்சென்ட் தள்ளுபடி தரோம்". ₹18,400 தொலைச்சவளுக்குப் பத்து பர்சென்ட் தள்ளுபடி!

சனிக்கிழமை ராத்திரி ட்ரூயிட் ஆடற பொண்ணு சார்ட் பேப்பர் நாலு வாங்கிட்டு வந்து, ஸ்கேல் வச்சு ஒவ்வொரு அங்குலமா கோடு போட்டா. மணி ஒண்ணரை ஆச்சு. நேத்து அதுல ஆடினோம். ஹீரோக்களுக்குப் பழைய கேரம் காய். டிராகனை மட்டும் வச்சோம், அதுக்கு மட்டும் ₹5,500 ஆச்சேன்னு. மூணாவது ரவுண்டுல டப்புனு ஒரு சத்தம். வயித்துல விரிசல் விட்டு, உள்ள இருந்து சாம்பல் நிறத்துல கெட்டியா ஒழுகுது. உள்ள குடைவா பிரிண்ட் எடுத்துட்டு, ரெசின் வடியறதுக்கு ஓட்டை விடல. அத்தனை நாளும் திரவம் உள்ளேயே அடைஞ்சு கிடந்திருக்கு. சார்ட் பேப்பர் நனைஞ்சு, நெருப்பு ஊதற நேரத்துல ஆட்டம் நின்னு போச்சு. ஜன்னலையெல்லாம் திறந்துட்டு எல்லாரும் கீழே இறங்கிட்டோம். ரெண்டு வருஷக் கதைக்கு முடிவே இல்ல.

இன்னிக்கு லீவு போட்டுட்டு பார்சல்ல இருந்த அனுப்புநர் முகவரிக்குப் போனேன். அம்பத்தூர்ல ஒரு ஜெராக்ஸ் கடை. "பார்சலை இங்க வச்சுட்டுப் போவாங்க, கொரியர்காரன் எடுத்துக்குவான். ஆள் யாருன்னு தெரியாதும்மா"ன்னார் கடைக்கார அண்ணன். வாசல்ல நின்னு போன் பண்ணேன், எடுக்கல. மெசேஜ் பண்ணா பிளாக். அவனோட ஆப் பக்கத்துல நான் போட்ட கமெண்ட்டும் காணோம். பேங்க்ல "நீங்களே அனுப்பின பணம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது". நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன். முதல் கேள்வியே பில் இருக்கான்னுதான். இல்ல.

சாயங்காலம் தோழி வந்தா. சண்டையை வீடியோ கால்ல முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டு, அந்தக் கேடயம் மொட்டையான பொம்மையைக் கொடு, எடுத்துட்டுப் போறேன்னா. கையில ஒட்டற ரெசினை எப்படிக் கொடுக்கறது? கொடுக்கல.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப முடியல. இதை மட்டும் பண்ணுங்க. மீதிப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி, பொம்மை பக்கத்துல ஸ்கேல் வச்சு அன்னிக்குத் தேதி எழுதின சீட்டோட வீடியோ கேளுங்க. பில் இல்லாம ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. நேர்ல வரவேண்டாம்னா வாங்கவே வாங்காதீங்க. பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்க. ஒட்டற பொம்மையைக் குழந்தைங்க கையில கொடுக்காதீங்க.

குத்துவிளக்கு மாதிரி ஏதாவது காட்டி உங்ககிட்டயும் இப்படி யாராவது பணம் வாங்கியிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. என்கிட்ட எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கு, சேர்ந்து புகார் கொடுக்கலாம்.