நோட்டா, பிரவுசரா, மேனேஜரா: பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

யாரோ ஒருவர் உட்கார்ந்து நம் பாஸ்வேர்டை ஊகித்துக் கண்டுபிடிக்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து பாஸ்வேர்டு விவரங்கள் களவு போயின. 2016-இல் அவற்றில் 11 கோடிக்கும் அதிகமான கணக்குகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்தன. இப்படி வாங்குகிறவர்கள் அதே மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் வேறு நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். அந்த வேலையைச் செய்ய தானியங்கி நிரல்களே இருக்கின்றன. ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்திருப்பவருக்கு, அது எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் பயனில்லை.

அதனால் எந்த வழியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கணக்குக்கு ஒன்றாக வேறு வேறு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ள இந்த வழி கைகொடுக்குமா?

நோட்டில் எழுதி வைப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். எழுதவே கூடாது என்று நமக்குச் சொல்லியே பழக்கியிருக்கிறார்கள். அலுவலக மேசைக்கு அது சரி. வீட்டு பீரோவுக்குள் இருக்கும் நோட்டை வெளிநாட்டில் இருக்கும் திருடனால் புரட்ட முடியாது. ஐந்தாறு கணக்குகள் மட்டும் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இது. வங்கி பின் எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம். குறைகளும் உண்டு. இருபது எழுத்துள்ள பாஸ்வேர்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வது சலிப்பு. சலித்துப்போனால் சின்னதாக வைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைவிடப் பெரிய குறை, போலித் தளத்தை நோட்டால் அடையாளம் காட்ட முடியாது.

பிரவுசர் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். வங்கி முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் நம் கண் ஏமாந்துவிடும். குரோமோ சஃபாரியோ ஏமாறாது. சேமித்த முகவரியும் திறந்திருக்கும் முகவரியும் ஒன்றாக இல்லையென்றால் பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் பெட்டி ஒருநாள் காலியாக நின்றால், கையால் தட்டும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். புதுக் கணக்குக்கு நீளமான பாஸ்வேர்டை அதுவே உருவாக்கித் தரும். தனிச் செலவும் இல்லை.

ஆனால் உங்கள் போனின் திரைப்பூட்டு எண்ணை அறிந்தவர், அந்தப் போனில் சேமித்த எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண் என்றால் யோசிக்க வேண்டியதுதான். கணினியில் வேறு ஆபத்து: காசு கொடுக்காமல் இறக்கும் 'கிராக்' மென்பொருள்களோடு வரும் திருட்டு நிரல்கள் முதலில் தேடுவதே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடைக் கணினியில் 'சேமிக்கவா?' என்று கேட்டால் எப்போதும் வேண்டாம்தான்.

பாஸ்வேர்டு மேனேஜர் என்பது எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி, ஒரே ஒரு முதன்மைப் பாஸ்வேர்டால் திறக்கும் தனிச் செயலி. பிட்வார்டன் இலவசமாகவே போன், கணினி எல்லாவற்றிலும் வேலை செய்யும். கீபாஸ்எக்ஸ்சி எல்லாவற்றையும் உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாகப் பூட்டி வைக்கும். அந்தக் கோப்பை நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது உங்கள் பொறுப்பு. நாற்பது ஐம்பது கணக்குகளோடு வாழ்கிறவர்களுக்கு என் தேர்வு மேனேஜர்தான்.

'எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமா?' என்ற பயம் நியாயமானது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களே களவு போயின. உள்ளிருந்த பாஸ்வேர்டுகள் நேரடியாகப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. தள முகவரிகள் அப்படி இல்லை. பெட்டகமே திருடன் கையில் இருக்கும்போது அவனுக்கும் நமக்கும் நடுவில் நிற்பது முதன்மைப் பாஸ்வேர்டு ஒன்றுதான். அதை மறந்தால் பெரும்பாலான நிறுவனங்களால் மீட்டுத்தரவும் முடியாது.

அந்த ஒன்றை எப்படி அமைப்பது? பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலக்க வேண்டும் என்ற விதி அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டியால் பரவியது. அதை எழுதிய பில் பர், தன் அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்தக் கலவை விதியைக் கைவிட்டு நீளத்துக்கு முதலிடம் கொடுத்தது. இதற்குப் பொருத்தமான முறை டைஸ்வேர்: ஆறு பக்கம் உள்ள தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். இப்படி ஐந்து சொற்களைக் கோர்த்தால், கலவை விதிப்படி அமைத்த எட்டெழுத்துப் பாஸ்வேர்டைவிட 4,000 மடங்குக்கும் மேலான வாய்ப்புகளைத் திருடன் தேட வேண்டியிருக்கும். சொற்களை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். பழமொழியோ பாட்டு வரியோ கூடாது. மனிதர் தேர்ந்தெடுப்பதைத் திருடர்களின் பட்டியலும் அறியும்.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தளம் இரண்டையும் ஒன்றாகக் கருதாவிட்டால் சரியான பாஸ்வேர்டும் தவறாகிவிடும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், அதற்குத் தடையில்லை.

எந்த வழியானாலும் மின்னஞ்சலுக்கு மட்டும் இரண்டாவது பூட்டு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை, கட்டாயம். மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேரும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, ஒன்றுமே இல்லாததற்கு மேல். ஆனால் உங்கள் எண்ணில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் அது அவருக்குப் போகும். 2019-இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டார்சியின் கணக்கே அவருடைய போன் எண் வழியாகத்தான் கைமாறியது. போனுக்குள்ளேயே 30 விநாடிக்கு ஒருமுறை புது எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு அந்தத் தொல்லை இல்லை, போலித் தளத்தில் நாமே அந்த எண்ணைத் தட்டிக்கொடுக்கும் அபாயம் மட்டும் உண்டு. பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனின் திரைப்பூட்டைத் திறந்தே உள்ளே நுழையும் பாஸ்கீ அந்த அபாயத்தையும் அடைக்கிறது: அது உருவான தளத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது, சொல்லிக்கொடுக்கவும் அதில் எண் எதுவும் இல்லை. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இன்றே அதை அமைத்துக்கொள்ளலாம்.