பிரிட்ஜில் தண்ணீர் தேங்கினால் 'கேஸ் லீக்' என்பவரை உள்ளே விடாதீர்கள்

கூலிங் நன்றாக இருக்கிறது, காய்கறி டிரேவுக்கு அடியில் மட்டும் தண்ணீர் தேங்குகிறது என்றால் அது கேஸ் (பிரிட்ஜைக் குளிர வைக்க குழாய்க்குள் ஓடும் வாயு) பிரச்சினையே இல்லை. கேஸ் போச்சு என்று சொல்லித்தான் திருச்சியில் தனியாக இருக்கும் என் அம்மாவிடம் 4,200 ரூபாய் கறந்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருத்தர்.

கம்பெனி பெயரோடு கஸ்டமர் கேர் என்று போட்டுத் தேடியதும் மேலே வந்த நம்பருக்கு அம்மா கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் கம்பெனி லோகோ போட்ட டீ-ஷர்ட்டில் வந்தாராம். "கேஸ் லீக் ஆகித்தான்மா தண்ணியா வழியுது, இப்படியே விட்டா கம்ப்ரசர் போயிடும்" என்றிருக்கிறார். ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி கிடக்கிறது, கேஸ் போயிருந்தால் அது எப்படி உறையும்? வயசானவர்களிடம் கம்ப்ரசர் என்ற வார்த்தை போதும், பயந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நான் ஊருக்குப் போனபோது மறுபடி தண்ணீர். பிரிட்ஜை இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். கேஸ் ஏற்ற வேண்டுமென்றால் கம்ப்ரசரில் சீல் வைத்திருக்கும் சின்ன செம்புக் குழாயை வெட்டி, வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), கேஸை ஏற்றிவிட்டுத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். அந்தக் குழாயின் மேல் ஒட்டடை கூடக் கலையவில்லை! பில்லில் 300 கிராம் கேஸ் என்று எழுதியிருக்கிறார், பின்பக்க ஸ்டிக்கரிலோ கேஸ் வகை ஆர்600ஏ, மொத்தமே 48 கிராம் என்று போட்டிருக்கிறது.

உண்மையான கோளாறு இதுதான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் ஃப்ரீசரின் பின் தகட்டுக்குள் கூலிங் காயில் இருக்கும், அதில் படியும் ஐஸை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும், அந்தத் தண்ணீர் ஒரு துளை வழியாகக் குழாயில் இறங்கி கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். துளையில் அழுக்கோ ஐஸோ அடைத்தால் தண்ணீர் ஃப்ரீசர் தரையில் உறைந்து, மிச்சம் கீழே காய்கறிப் பக்கம் சொட்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாமான்களை எடுத்து வைத்து, ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து போட்டேன். காலையில் தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை (கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும்) துளைக்குள் அடித்தேன். கொஞ்ச நேரம் எதிர்த்து நின்றது, அப்புறம் பின்பக்கத் தட்டில் கருப்பாகக் கொழகொழவென்று வந்து விழுந்தது. செலவு சிரிஞ்ச் விலை மட்டும். கத்தி, ஸ்குரூடிரைவரால் ஐஸைக் குத்தாதீர்கள், காயிலில் ஓட்டை விழுந்தால் நிஜமாகவே கேஸ் போய்விடும்.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாரண்டி கார்டில் இருக்கும் சர்வீஸ் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிடுங்கள், நான் ஒட்டிவிட்டுத்தான் வந்தேன்.