கூப்பிட்டால் எழாத பேஜர்: சரிசெய்வதா, வாக்கிடாக்கியா, செல்போன் ஆப்பா?

மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் ரிப்பேர் பட்டறைக்கு மைக்செட் ஆம்ப்ளிஃபயரும் திருவிழாக் காவலுக்குப் போகும் வாக்கிடாக்கியும்தான் வரும். பேஜரைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. 1995இல் நம் நாட்டுக்கு வந்த பேஜர், செல்போன் மலிவானதும் இருந்த இடம் தெரியாமல் போனது. அதனால் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த அக்கா மகன் கறுப்பில் ஒன்று, சாம்பலில் ஒன்று என இரண்டு பேஜரை மேசையில் வைத்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அவன் இருப்பது பென்சில்வேனியாவில். அங்கே சின்ன ஊர்களில் தீயணைப்புக்குப் பெரும்பாலும் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் போகிறார்கள், இவனும் போகிறான். தீ என்றால் இவர்களைக் கூப்பிடுவது இந்தப் பேஜரில்தான்.

"மாமா, ரெண்டும் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குது. இதையே பாக்கலாமா, வாக்கிடாக்கி வாங்கிரவா, இல்ல போன்ல ஆப் போதுமா?"

இது நம்பர் காட்டும் பேஜர் இல்லை. ஒரே அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டு வாய் மூடி இருக்கும் சின்ன ரேடியோ. தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை ஒரு டோனை, அதாவது ஒரே சுதியில் 'பீப்' என்று நீளும் ஒலியை, ஒரு விநாடியும், அடுத்து வேறொரு டோனை மூன்று விநாடியும் அனுப்பும். அந்த ஜோடி தன்னுடையது என்றால்தான் பேஜர் அலறும். பின்னால் வரும் பேச்சையும் கேட்கவிடும். டோன்கள் 707.3, 746.8, 788.5 ஹெர்ட்ஸ் என்று நெருக்கமாகத்தான் இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் 'என்னை இல்லை' என்று பேஜர் தூங்கிவிடும்.

சரிசெய்வதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் திறப்பதற்கு முன்னால் மானிட்டர் நிலைக்கு, அதாவது டோனுக்குக் காத்திராமல் வருவதையெல்லாம் கேட்கவிடும் நிலைக்கு, மாற்றிப் பார்க்க வேண்டும். அதில் பேச்சே வரவில்லையென்றால் காது, அதாவது சிக்னலை வாங்கும் பகுதி, கோளாறு. பேச்சு வந்தும் அலறவில்லையென்றால் டோனை அடையாளம் காணும் பகுதியில் கோளாறு, அல்லது டோனையே அங்கே மாற்றிவிட்டு இவனுக்குச் சொல்லவில்லை. அவன் கொண்டுவந்த டோன் பட்டியல் பேஜரில் பதிந்திருந்ததோடு பொருந்தியது. அப்புறம் சோதனைக்கு சிக்னல் அனுப்பும் சிக்னல் ஜெனரேட்டரை எடுத்தேன்.

கறுப்பில் வெறும் இரைச்சல். சிக்னலைப் பல மடங்கு கூட்டினால்தான் லேசாகக் குரல் வந்தது. உள்ளே ஆன்டெனாச் சுருளின் ஒரு காலை ஈயத்தால் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. ஒரு சொட்டு ஈயம் வைத்ததும் மெல்லிய சிக்னலுக்கே அலறியது. அரை மணி நேர வேலை.

சாம்பல்தான் என்னைப் படுத்தியது. பேச்சு தெளிவு, ஆனால் சன்னம். அமெரிக்காவில் இந்த மாதிரி ரேடியோக்களை 2013 ஜனவரி 1க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலிருந்து 12.5க்குக் குறுக்கச் சொல்லி உத்தரவு. குறுக்கினால் அலைவு, அதாவது ஒலிக்கு ஏற்ப அலைவரிசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரும் அளவு, பாதியாகும், ஒலியும் சன்னமாகும். இது அதற்கு முந்தைய பேஜர். டோனை 3 கிலோஹெர்ட்ஸ் அலைவோடு அனுப்பினால் துள்ளி எழுகிறது, 1.5க்கு இறக்கினால் நான்கு தடவையில் ஒரு தடவைதான். ஃபில்டரையே மாற்ற வேண்டும்; அந்தச் செலவுக்கு இது பெறாது.

சரி, வாக்கிடாக்கி? மலிவு விலைச் சீனச் செட்டுகளில் பேச்சுக்கு அடியில் ஓடும் தொடர் டோனைப் பிடிக்கும் வசதி இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஜோடி டோனைப் பிடிப்பது வேறு வேலை. அதைச் செய்யும் செட்டுக்கு விலை கூட. அப்படியே வாங்கினாலும் பல சேனலை ஸ்கேன் போட்டு வைத்தால், செட் வேறு சேனலில் சுற்றும்போது அந்த ஒரு விநாடி முதல் டோன் தவறிப்போகும். இரண்டாவது மட்டும் கேட்டுப் பிரயோசனமில்லை. போதாததற்குப் பேசும் பட்டன் வேறு. இடுப்பில் அமுங்கினால் ஊர்ச் சேனலே அடைபடும். அவனுக்கு இது வேண்டாம் என்றேன்.

ஆப்பில் நிறைய நல்லது உண்டு. தீ எங்கே என்று வரைபடத்தில் காட்டும், 'வருகிறேன்' என்று பதில் சொல்லலாம். பேஜருக்கு வாய் கிடையாது. ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே ஆப்பைப் பின்னணியில் முடக்கிவிடும். அப்புறம் நெரிசல். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ஏ.வி. பாலத்துப் பக்கம் நின்று இவன் அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், இவன் வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகே போய்ச் சேர்ந்தது. பேஜர் பக்கம் அந்தக் கதையில்லை. ஒரு கோபுரம் ஒரு தடவை கூவும், கேட்கும் தூரத்தில் எத்தனை பேஜர் இருந்தாலும் ஒரே நேரத்தில் எழும். அதனால் எழுப்புவதற்குப் பேஜர், வழி பார்க்க ஆப். ஆப்பை மட்டும் நம்பித் தூங்காதே என்று சொல்லிவிட்டேன்.

கறுப்பைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னேன்: ராத்திரி இதை எல்இடி விளக்கு, மலிவு சார்ஜர் பக்கத்தில் வைக்காதே. என் மேசை விளக்கைப் போட்டதும் இரைச்சல் ஏறி, மெல்லிய சிக்னலைக் கோட்டைவிட்டதை அவனே பார்த்தான்.

"அங்க கட்டில் பக்கத்துல சார்ஜர்லதான் மாமா வச்சிருப்பேன்" என்றான்.

சாம்பல் என் டிராயரில் கிடக்கிறது. அதன் ஸ்பீக்கரைப் போன வாரமே ஒரு வாக்கிடாக்கிக்குக் கழற்றிவிட்டேன்.