ரோக்கோஸ்-ஏ: ராக்கெட்டில் ஏறி ஓசோன் அளக்கும் கருவி எப்படி?

ஓசோன் அளக்கப் போகும் பலூன் 30, 35 கி.மீ. உயரத்தில் வெடித்துவிடும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க, நாசாவின் வாலப்ஸ் ராக்கெட் ஏவுதளத்தார் 1980களில் பறக்கவிட்ட கருவி ரோக்கோஸ்-ஏ. 1985இல் பிரேசிலின் நடாலிலும் ஏவினார்கள். 20 முதல் 52 கி.மீ. வரை இதன் கணக்கை நம்பலாம்.

இதைச் சுமந்து போகும் சூப்பர் லோக்கி ராக்கெட் சில விநாடிகளே எரியும். பிறகு வந்த வேகத்திலேயே சுமார் 70 கி.மீ. வரை போய், கருவியைப் பாராசூட்டோடு வெளியே தள்ளும். அளவெல்லாம் இறங்கும்போதுதான். ஏறக்குறைய 265, 290, 300, 320 நானோமீட்டரில் நான்கு ஒளி வடிகட்டிகள் மாறிமாறிச் சூரியனின் புறஊதா ஒளியைப் பார்க்கும். 265 உச்சியில் கெட்டிக்காரன்; 35 கி.மீ. வருவதற்குள் ஒளி தீர்ந்து கண்ணை மூடிக்கொள்வான். அங்கிருந்து நீண்ட அலைகளின் பொறுப்பு.

ஓசோன் புறஊதா ஒளியை உறிஞ்சும்; ஒளி குறைந்த அளவிலிருந்து ஓசோனைக் கணக்கிடலாம். இதில் மெச்ச வேண்டியது கணக்கின் எளிமை. அடுத்தடுத்த இரு உயரங்களில் ஒளி எத்தனை மடங்கு குறைந்தது என்பது போதும். சூரிய ஒளியின் முழு அளவு தெரிய வேண்டியதில்லை. ஒளி உணர்வி பழசாகி மங்கியிருந்தாலும், இறங்கும் நேரத்துக்குள் மாறாதிருந்தால் சரி.

தொல்லை வடிகட்டியில். தன் அலைநீளத்துக்கு வெளியே துளி ஒளி கசிந்தாலும், உள்ளே ஒளி அற்றுப்போகும் இடத்தில் அந்தக் கசிவே அளவாகிவிடும். ஒளி குறைவது நின்றதுபோல் தெரியும், ஓசோனும் குறைத்துக் காட்டும். ஏவுவதற்கு முன் ஒவ்வொரு வடிகட்டியின் ஊடுருவலையும், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதையும், தனித்தனியே அளந்து வைக்காதவர் இதை ஏவவே வேண்டாம். இன்னொன்று: வடிகட்டியின் பட்டைக்குள்ளேயே குறுகிய அலைகள் முதலில் உறிஞ்சப்படுவதால், இறங்க இறங்க உறிஞ்சு குணகம் (ஓசோன் அந்த ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்று சொல்லும் எண்) மாறும். ஒரே எண்ணை மேலிருந்து கீழ்வரை போட்டால் விடை தப்பு.

உயரத்தைக் கருவி சொல்லாது, தளத்து ரேடார்தான் சொல்ல வேண்டும். ரேடார் பிசகினால் ஓசோன் வரைபடமும் அதே அளவு மேலோ கீழோ நகரும். கலவை விகிதம், அதாவது காற்றில் ஓசோனின் பங்கு, வேண்டுமென்றால் அழுத்தமும் வெப்பமும் அளக்க இன்னொரு ராக்கெட் ஏவியாக வேண்டும். செலவு அங்கேதான் ஏறும்.

மீண்டும் மீண்டும் அளந்தால் வரும் ஏற்றத்தாழ்வு 3, 4 விழுக்காடு. பகலில், சூரியன் நல்ல உயரத்தில் இருக்கும்போது ஏவினால் மட்டும். இரவு ஓசோனுக்கு வேறு கருவி பார்க்க வேண்டும்.