மூன்று நட்சத்திரச் சிலிண்டரா, காப்புக் கைப்பிடியா?

பிரிட்டனில் கார்த் திருடர்கள் பலர் வீட்டுக்குள் புகுந்து சாவியையே எடுத்துச் செல்கின்றனர். அங்குள்ள பிளாஸ்டிக் கதவுகளில் சாவி நுழையும் பூட்டுப் பகுதியான யூரோ சிலிண்டர், அதைக் கதவில் பொருத்தும் திருகாணி செல்லும் நடுப்பகுதியில் மெலிந்திருப்பதால், வெளியே துருத்தும் முனையை முறித்தால் பூட்டு எளிதில் திறந்துவிடும். இதைத் தடுக்க, பாதுகாப்பை நட்சத்திரங்களால் மதிப்பிடும் டிஎஸ் 007 என்ற பிரிட்டிஷ் தரவிதி இரண்டு வழிகளை ஏற்கிறது: மூன்று நட்சத்திரச் சிலிண்டர், அல்லது ஒரு நட்சத்திரச் சிலிண்டருடன் இரண்டு நட்சத்திரக் காப்புக் கைப்பிடி.

முன்னதில் முனை முறிந்தாலும் உட்பகுதி பூட்டியே நிற்கும். ஒரே திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பது பெரிய வசதி. பின்னதில் கைப்பிடியே சிலிண்டரை மூடிக் காக்கிறது. ஆயினும் அதன் துளைகள் பழைய கதவுடன் பொருந்த வேண்டும்.

கைப்பிடி உறுதியாக இருக்கும் கதவுக்குச் சிலிண்டரை மட்டும் மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். தளர்ந்துபோன கைப்பிடியானால் இரண்டாம் வழியே மேல். எதைத் தேர்ந்தாலும் கார்ச் சாவியைக் கதவில் கடிதம் போடும் துளைக்கு அருகே மாட்டி வைக்கக் கூடாது.