சேலத்தில் ‘எல்.இ.டி. டைனமோ செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சேலம் டவுனில் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கடையில், அட்டைப்பெட்டியில் ‘12 வோல்ட் 6 வாட் எல்.இ.டி.’ என்று அச்சடித்த டைனமோ செட் விற்கிறார்கள். ஏற்காட்டில் தோட்ட வேலை முடித்து இருட்டில் அடிவாரத்துக்கு இறங்கும் தொழிலாளி ஒருவர் அதை வாங்கி மாட்டினார். ஒன்பதாம் நாள், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே விளக்கு பட்டென்று அணைந்துவிட்டது. கடையில் கேட்டால், எலெக்ட்ரிக் சாமானுக்கு கேரண்டி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். உயிர் போகிற விஷயம் இது.

விளக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு 1 வாட் எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரம். எல்.இ.டி. தலைகீழாகத் தாங்குவது பொதுவாக 5 வோல்ட் அளவுதான். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு இல்லாவிட்டால், எதிர்த்திசையில் வரும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் டைனமோவின் முழு வோல்டேஜும் அதன்மேல் விழுகிறது. வேகம் கூடக்கூட அந்த வோல்டேஜும் ஏறும். அதனால்தான் சமதளத்தில் பிழைத்த விளக்கு மலை இறக்கத்தில் செத்தது.

கடையில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் வேகமாகச் சுற்றிக் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். 28 அங்குலச் சக்கரம் வினாடிக்கு 2 சுற்று சுற்றினாலே மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வேகம். கடையில் சுற்றுவது அதற்கு இரண்டு மடங்கு இருக்கும். காற்றடிக்கும் வால்வைப் பார்த்து எண்ணுங்கள்: 10 வினாடியில் 20 முறை கடந்தால் போதும். அந்த வேகத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் விளக்கின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நான்கு டையோடோ அந்த நான்கும் ஒன்றாக அடங்கிய, நான்கு கால் உள்ள பிரிட்ஜோ கண்ணில் படவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டைனமோவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 6 வோல்ட் 3 வாட் ஆனாலும் 12 வோல்ட் 6 வாட் ஆனாலும் கணக்குப்படி டைனமோ தருவது அரை ஆம்பியர்தான். 1 வாட் எல்.இ.டி.க்கு வழக்கமான அளவு 350 மில்லி ஆம்பியர், அதற்கு இது அதிகம். 3 வாட் எல்.இ.டி. இரண்டை வரிசையாகக் கோத்து, அலுமினியத் தகட்டில் பதித்து, நான்கு ‘1என் 5819’ டையோடால் பிரிட்ஜ் போடுங்கள். ‘1என் 4007’ போட்டாலும் எரியும், ஆனால் அது கூடுதல் வோல்டேஜைத் தின்பதால் மெதுவாகப் போகும்போது மங்கும்.

மாட்டும்போது டைனமோவின் அச்சுக்கோடு சக்கர ஹப்பின் நடுவை நோக்கி நிற்க வேண்டும். சாய்ந்தால் டயரின் பக்கவாட்டு ரப்பர் தேயும், மழையில் உருளை வழுக்கும். ஒற்றை ஒயர் செட்டில் பிரேம்தான் மின்சாரம் திரும்பும் பாதை, ஆகவே கிளாம்பின் கூர் திருகு பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். கிளாம்பை இறுக்கமாக முடுக்குங்கள், நழுவினால் டைனமோ சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். பழைய பல்பு செட்டில் முன் விளக்கு ஒயர் அறுந்தால், அரை ஆம்பியரும் 0.6 வாட் பின் பல்புக்கே போய் அதையும் எரித்துவிடும்.

ஏற்காட்டுச் சாலையில் 20 வளைவு. ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்கும்போது டைனமோ வெளிச்சம் குறையும், நின்றால் இருட்டு. ஹேண்டில்பாரில் பேட்டரி டார்ச் ஒன்றையும் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.